அகரத்துக்கு மேல் ஒரு சிலுவை

அத்தியாயம் ஐந்து

என் கணவர் இறந்து நாற்பத்தைந்தாம் நாள், அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட குற்ற ஒப்புதல் கடிதத்தை முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு முன்பே ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் அதைக் கேட்டுவிட்டிருந்தது. மூன்று நாள் முன்பு காலை வணக்கத்தில், அறுநூறு பிள்ளைகளுக்கு முன்னால் தாளாளர் ஞானமுத்து அதை வாசித்திருந்தார்.

வாடிப்பட்டியில் அந்த மிஷன் பள்ளியில் இருபத்தாறு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர் பெனடிக்ட். ஜனவரி இரண்டாம் தேதி பள்ளி வாசலில் நெஞ்சு வலித்து விழுந்தார். இருபதாம் தேதி நடந்த பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் திருப்புதல் தேர்வின் வினாத்தாள், முந்தின நாளே பிள்ளைகளின் போன்களில் உலவியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அச்சடித்துப் பூட்டி வைத்த வினாத்தாள். அந்த அலமாரியின் சாவி அவரிடம் இருந்தது. இறந்தவர்மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அவரை விசாரணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

என் கணவரின் மேசை இழுப்பறையில் கிடைத்தது என்று சொல்லி, தாளாளர் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, புனிதரின் எலும்பைக் காட்டுகிறவர் போல இரண்டு விரலால் தூக்கினார்.

“தொடக் கூடாதும்மா. சாயங்காலம் நாலு மணிக்குக் கமிட்டி. அங்க முடிவானதும் கல்வி அலுவலகத்துக்குப் போயிரும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணுமில்ல.”

அதற்கு முன்பு அவர் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னுடன் வந்திருந்தவர் நல்லகாமன். காவல் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ரைட்டராக இருந்து, ஊரார் வாக்குமூலங்களை எழுதி எழுதி விரல் காய்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அவருடைய உதவியாளர் முத்துமீனா. கார் ஓட்டுவது, படம் எடுப்பது, யாரும் கேட்காத கருத்தைச் சொல்வது, மூன்றும் அவள் பொறுப்பு.

கடிதம் சின்னது.

‘அன்புள்ள தாளாளர் அவர்களுக்கு, அலமாரிச் சாவி என்னிடம் இருந்ததைப் பயன்படுத்தி வேதியியல் வினாத்தாளை நானே வெளியே அனுப்பினேன். அதற்காக வருந்துகிறேன்.’ கீழே பெனடிக்ட் என்ற பெயர். தேதி டிசம்பர் இருபத்தெட்டு.

வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு எழுத்தும் வாலை நீட்டி அடுத்ததைத் தொடுகிற கூட்டெழுத்து. அவர் கையேதான்.

முத்துமீனா அதைப் போனில் படம் எடுத்துவிட்டுக் குனிந்தாள். “அண்ணே, இந்த ‘ன’வையும் அந்த ‘ன’வையும் பாருங்க. ரெட்டப் புள்ளைக கூட இம்புட்டு ஒத்துமையா இருக்காதுக. இது கையெழுத்து இல்ல, பிரிண்டு.”

ஞானமுத்து சிரித்தார். “அதை நான் மறைச்சேனா? சாருக்கு மூணு வருஷமா வலது கை நடுக்கம். பழைய மாணவன் ஒருத்தன் அவரு எழுத்தையே கம்ப்யூட்டர்ல ஃபாண்டா பண்ணிக் குடுத்தான். அதுக்கப்புறம் நோட்டீஸ், வினாத்தாள், லீவு லெட்டர் எல்லாமே அதுலதான். ஸ்கூலுக்கே தெரியும். ஏன், மேடத்துக்குத் தெரியாதா?”

தெரியும். அந்தப் பையன் ஜெய்சன் கொடுத்த கட்டம் போட்ட தாளில், கை நிதானமாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பக்கத்தில் காபி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

முத்துமீனாவின் முகம் விழுந்தது. “பெருசா கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சேன்” என்று முனகினாள்.

தாளாளர் விடவில்லை. “இதைப் பாருங்க. ஒவ்வொரு ‘அ’னாவுக்கு மேலயும் சின்னதா ஒரு சிலுவை. தப்ப ஒத்துக்கிறப்பவும் சிலுவைய விடல மனுஷன். இதைப் படிச்சிட்டு நான் அழுதுட்டேன்.” கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கைக்குட்டை நனையவில்லை.

உண்மைதான். அன்புள்ள, அவர்களுக்கு, அலமாரி, அனுப்பினேன், அதற்காக. ஐந்து அகரத்தின் உச்சியிலும் எள்ளளவு சிலுவை.

அவர் எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் இடது மேல் மூலையில் ஒரு சிலுவை போடுவார். பால்காரருக்கு எழுதும் சீட்டிலும் போடுவார். ஆனால் தாளுக்கு ஒன்று. எழுத்துக்கு ஒன்று போடுகிற ஆள் இல்லை. பக்தியில் அவர் சிக்கனக்காரர். இதைச் சொன்னபோது தாளாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கடைசி காலத்துல மனசு கனிஞ்சிருக்கும்” என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அறிவிப்புப் பலகை. என் கணவர் ஒட்டிய பழைய நோட்டீஸ்கள் இன்னும் இருந்தன. நல்லகாமன் அங்கே நின்றுவிட்டார்.

“மீனா, இந்த நோட்டீஸ்ல எத்தன ‘அ’ இருக்கு?”

“ஏழு.”

“சிலுவை?”

“ஒண்ணு கூட இல்ல அண்ணே. இங்க எழுதும்போது சார் நாத்திகரா இருந்திருக்காரு.”

“எல்லா நோட்டீஸையும் படம் எடு. நாலு கழுதை வயசாச்சு எனக்கு, ஒருத்தரு கையெழுத்து வீட்டுல ஒரு மாதிரி ஆபீஸ்ல ஒரு மாதிரி இருந்து பாத்திருக்கேன். ஃபாண்டு அப்படி மாறாது.”

அப்போது ஆசிரியர் அறையிலிருந்து விக்டோரியா வந்தாள். வேதியியல் ஆசிரியை, என் சிநேகிதி. அவர் இறந்த பிறகு நான் படுத்தே கிடந்தபோது முப்பதாம் நாள் பூசை, சாப்பாடு, நினைவு அட்டை என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டவள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்மேரி, விட்டுரு. நிம்மதியாத் தூங்குற மனுஷனப் போட்டு ஏன் தோண்டுற? இன்னும் ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க.”

“நான் மறக்க மாட்டேன்ல?” என்றேன்.

அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

காரில் ஏறியதும் முத்துமீனா சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். “அண்ணே, தலையில ப்ளஸ் வச்ச அந்த ‘அ’வ நான் எங்கயோ பாத்திருக்கேன். வர்ற வழியிலயே பாத்திருக்கேன்.”

“அப்ப வந்த வழியிலயே போ.”

திண்டுக்கல் சாலையில் மதுரையை நோக்கி வந்தோம். இரண்டு பக்கமும் நெல் அறுத்த தரிசு. அதற்கு நடுவே வரிசையாக பிளக்ஸ் பலகைகள். அந்தக் கூட்டெழுத்தை அன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். தேடியபோது அது எங்கும் இருந்தது. என் கணவருடையது மட்டுமல்ல, அதன் அண்ணன் தம்பிகள் எல்லாம். எனக்கு அந்த வகை எழுத்தே பிடிக்காது. அவசரத்தில் கிறுக்கியது போலத் தெரிய வேண்டும் என்று நிதானமாக உட்கார்ந்து செய்த எழுத்து. பிரியாணிக் கடைக்காரன் அதைப் போட்டதும் பாட்டன் காலத்துக் கைப்பக்குவம் வந்துவிடுகிறது. மனை விற்கிறவன் அதில் ‘உங்கள் கனவு இல்லம்’ என்று எழுதுகிறான், ஏதோ நம் கனவை நேற்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் போல. வளைகாப்பு, காதுகுத்து, கேக் கடை, பல் ஆஸ்பத்திரி. யாரிடமெல்லாம் நமக்கு உறவில்லையோ அவர்களெல்லாம் நமக்குக் கைப்படக் கடிதம் எழுதுகிறார்கள்.

சமயநல்லூர் தாண்டி ஒரு பொதுக் கழிப்பறைச் சுவரோரம் முத்துமீனா வண்டியை நிறுத்தினாள். நீல நிறத்தில் ஒரு சின்ன பலகை. ‘அசுத்தம் செய்யாதீர்.’ என் கணவரின் கை. ‘ழ’வைப்போலவே வளைத்துவிடும் அந்த ‘த’வின் வால். ‘அ’வின் தலையில் சிலுவை.

நான் இறங்கவில்லை. பதினெட்டு வயதில் எனக்கு வந்த முதல் கடிதம் அந்தக் கையில் வந்தது. இப்போது அதன் கீழே ஒருவன் லுங்கியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“யோவ், எழுதியிருக்குறதப் படிச்சிட்டுப் போய்யா!” என்று முத்துமீனா கத்தினாள். அவன் அவசரமாகப் படித்துவிட்டு நகர்ந்தான்.

அடுத்து ஒரு கிலோமீட்டரில் பெரிய பலகை ஒன்று கம்பில் கட்டி நின்றது. அய்யனார் கோயில் குடமுழுக்கு. ‘அருள்மிகு அய்யனார் அருள் பெற அனைவரும் வருக! அன்னதானம் உண்டு.’ குதிரைமேல் அய்யனார் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே ஐந்து அகரம். ஐந்து சிலுவை.

“போச்சு” என்றாள் முத்துமீனா. “அய்யனாருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க.”

அவர் இறந்த பிறகு நான் முதல்முறையாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் வந்ததும் நல்லகாமன் திரும்பித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

பலகையின் நிழலில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் பந்தல் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் பேயாண்டி என்றார். நல்லகாமன் சிலுவையைக் காட்டினார்.

“அதா? பூ டிசைன்னு சொன்னான் பிளக்ஸ்காரன்.”

“பூ மாதிரியா தெரியுது?”

“எங்க வீட்டம்மா மருந்துக்கடைக் குறின்னு சொன்னா. நல்லதுக்குத்தான போட்டிருப்பாங்க, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். ஏன், நீங்க என்ன பத்திரிகையா?”

“இல்லண்ணே, நாங்க மருந்துக்கடை” என்றாள் முத்துமீனா.

நல்லகாமன் அதற்குள் பலகையின் அடி மூலைக்குப் போயிருந்தார். எல்லா பிளக்ஸிலும் அச்சிட்டவன் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கழிப்பறைப் பலகையிலும் அதே பெயர்தான் என்று முத்துமீனா எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டோம். பரவை பக்கம் ‘அழகி பியூட்டி பார்லர்’ ஒன்று அகப்பட்டது. அதன் மூலையிலும் அதே பெயர். ஜெய்சன் டிஜிட்டல்ஸ், செல்லூர்.

செல்லூர் சந்துக்குள் கார் போகாது. விசைத்தறிச் சத்தத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் சண்டை போடுவது போலவே இருந்தது. ஜெய்சன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் கழிப்பறைப் பலகையின் படத்தைக் காட்டினேன்.

“மன்னிச்சிருங்க டீச்சரம்மா.” நான் நூலகர்தான். ஆனால் அவன் பள்ளி நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவான். “எல்லாரும் கையெழுத்து மாதிரி வேணும், கையெழுத்து மாதிரி வேணும்னு உசுர எடுக்குறாங்க. சார் எழுத்து அம்புட்டு அழகா இருந்துச்சு. போட்டுட்டேன்.”

“கக்கூஸுக்குமா?” என்றாள் முத்துமீனா.



நல்லகாமன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுத உட்காருகிற மாதிரி. “தம்பி, அந்த ‘அ’ தலையில சிலுவை எப்படி வந்துச்சு? அதை மட்டும் சொல்லு.”

ஜெய்சன் ஒரு பழைய கோப்பிலிருந்து அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்தான். நான் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருந்த அதே தாள். கட்டங்கள் தாளின் விளிம்பு வரை போயிருந்தன. முதல் கட்டம் இடது மேல் மூலையில். அதில் ‘அ’. அதற்கு மேலே, எழுதத் தொடங்குவதற்கு முன்பு பழக்கத்தில் அவர் போட்ட சிலுவை.

“கட்டத்துக்குள்ள இருக்குறத எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்துன்னு எடுத்துக்கிருச்சு. முதல் தடவ பிரிண்ட் எடுத்துக் காட்டுனப்ப சார் இங்கதான் நின்னாரு. சிரிசிரின்னு சிரிச்சாரு. ‘ஏன்டா, அம்மா அப்பா அணில் எல்லாத்துக்கும் சிலுவை சுமக்க வைக்கிறியே’ன்னாரு. அப்புறம் சிலுவையை எடுத்துட்டு வேற ஃபாண்ட் செஞ்சு, அவரு லேப்டாப்ல நானே போட்டுக் குடுத்தேன். பழசு என் கடையில மட்டும்தான் இருந்துச்சு. பிளக்ஸுக்கு எதை எடுக்குறோம்னு பாக்கல. கை தவறி பழசையே எடுத்திருக்கேன்.”

“அப்ப சார்கிட்ட சிலுவை வச்சது கிடையாது?”

“என்னைக்குமே கிடையாது.”

“இதை வேற யாருக்காச்சும் குடுத்தியா? யோசிச்சுச் சொல்லு.”

“யாருக்கும் இல்ல சார். தொழில்ல அதெல்லாம் குடுக்க மாட்டோம்.” பிறகு என்னைப் பார்த்தான். “டீச்சரம்மா வீட்டுக்குத் தவிர.”

“எங்க வீட்டுக்கா?”

“நீங்கதான போன்ல சொன்னீங்க. முப்பதாம் நாள் அட்டைய சார் கையெழுத்துலயே அடிக்கணும், ஆள் வருவாங்க, ஃபாண்டைக் குடுத்துவிடுன்னு. விக்டோரியா டீச்சர் வந்தாங்க. பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். அவசரத்துல எதைப் போட்டேன்னு எனக்கே தெரியாது.”

தறிச் சத்தம் அப்படியேதான் இருந்தது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

நான்தான் சொல்லியிருந்தேன். படுத்த இடத்திலிருந்து, கண்ணைத் திறக்காமல், விக்டோரியா நீட்டிய போனில். அவர் எழுத்தை அவள் கையில் கொடுக்கச் சொன்னது நான்.

நல்லகாமன் கேட்டார். “அந்த அட்டை இருக்காம்மா?”

பைக்குள் ஜெபப் புத்தகத்தில் இருந்தது. முப்பது முறையாவது முத்தமிட்ட அட்டை. புறா, மெழுகுவர்த்தி, மேகம், ஓரமெல்லாம் சிலுவை. அந்த நெரிசலில் ‘அன்பு நினைவுகளுடன்’ என்பதன் தலையில் இருந்ததை நான் இன்னோர் அலங்காரமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“தேதி இருக்கு பாருங்க” என்றார் நல்லகாமன். “ஜனவரி முப்பத்தொண்ணு. ஜனவரி கடைசியிலதான் அந்த ஃபாண்டு கடையவிட்டே வெளிய போகுது. டிசம்பர் இருபத்தெட்டுல எப்படி லெட்டர் அடிக்க முடியும்? மீனா, வண்டிய எடு. தம்பி, நீயும் ஏறு.”

மூன்றரை மணிக்குப் பள்ளியில் இருந்தோம். வேதியியல் ஆய்வகத்தில் விக்டோரியா தனியாகத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஜெய்சனைப் பார்த்ததும் பேனா நின்றது. ஆனாலும் சமாளித்தாள்.

“ஃபாண்டா? எனக்குக் கம்ப்யூட்டரே சரியா வராது.”

“அட்டை யாரு செஞ்சது டீச்சர்?” என்று கேட்டாள் முத்துமீனா. “புறாவா?”

நல்லகாமன் அட்டையையும் கடிதத்தின் படத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. “சிலுவையைப் பாத்தீங்க. பாக்காம இல்ல. நானா இருந்தா, ‘இது என்னடா ஒட்டியிருக்கு’ன்னு அழிச்சிருப்பேன். நீங்க அழிக்கல. பெனடிக்ட் சார்னா இப்படித்தான் போடுவாரு, இன்னும் கொஞ்சம் நம்புவாங்கன்னு விட்டுட்டீங்க. நம்பவும் செஞ்சாங்க. ஒருத்தரு கைக்குட்டைய எடுக்குற அளவுக்கு.”

விக்டோரியா பேனாவை மூடினாள். வீட்டில் டியூஷன் நடத்துவதும், இந்த வருடம் பிள்ளைகள் குறைந்து எதிர்த்தெரு டியூஷனுக்குப் போனதும், மிச்சம் இருந்தவர்களைத் தக்கவைக்க வினாத்தாளை அவர்கள் போனுக்கு அனுப்பியதும், கேள்வித்தாள் தயாரித்தவள் என்பதால் தன்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்ற பயமும் துண்டு துண்டாக வந்தன. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“அவரு போயிட்டாரு ஆன்மேரி. அவருக்கு இனிமே என்ன வலிக்கப்போகுது? எனக்குப் பத்து வருஷ சர்வீஸ் இருக்கு.”

பூசைக்கு மாலை வாங்கியவள், சாப்பாட்டுக்கு இலை போட்டவள், என் தலையைக் கோதிவிட்டவள். எல்லாம் செய்துகொண்டே இதையும் செய்திருக்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் அத்தனை மலிவாக இருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

“நடந்ததை எழுதிக் குடு” என்றேன்.

“டைப் பண்ணித் தரவா?”

முத்துமீனா வாயைத் திறந்தாள். நல்லகாமன் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“கையால எழுது” என்றேன்.

எழுதினாள். அரைப் பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆனது.

நான்கு மணிக்குத் தாளாளர் அதை இரண்டு முறை படித்தார். கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தே பேசினார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அந்த லெட்டர் கல்வி அலுவலகத்துக்குப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. இதை நாம உள்ளுக்குள்ளயே, அமைதியா முடிச்சிருவோமே. ஸ்கூல் பேரும் இருக்குல்ல?”

“அவரு பேரை எங்க வச்சு வாசிச்சீங்க?” என்று கேட்டேன்.

“அது... காலை வணக்கத்துல.”

“பிள்ளைங்க இன்னும் வீட்டுக்குப் போகலையே.”

“மைக் ரிப்பேரும்மா.”

முத்துமீனா எப்போது வெளியே போனாள் என்று தெரியவில்லை. மைதானத்திலிருந்து ‘டொக், டொக்’ என்று இரண்டு தட்டு கேட்டது. பிறகு அவள் குரல் சுவரெல்லாம் அதிர வந்தது. “ஹலோ, ஹலோ. நல்லாத்தான் வேலை செய்யுது சார்.”

கடைசி மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வெயிலில் வரிசையில் நின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற முணுமுணுப்பு. தாளாளர் மேடையில் ஏறினார். விக்டோரியாவின் தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். அவள் பெயர் வந்த இடத்தில் குரல் தணிந்தது, வினாத்தாள் வந்த இடத்தில் இன்னும் தணிந்தது. நான் மேடைக்குக் கீழே நகராமல் நின்றேன். அவர் வேகமாக முடிவுக்கு வந்தார்.

“ஆகவே, இந்த விஷயத்தில் பெனடிக்ட் எந்தத் தவறும் செய்யவில்லை என்று—”

“சார்.”

பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் யாரோ ஒருத்தி. சத்தமாகக்கூட இல்லை. தாளாளர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரது? என்ன?”

“பெனடிக்ட் சார்” என்றாள் அவள்.

பக்கத்து வரிசையில் இரண்டு மூன்று குரல். “பெனடிக்ட் சார்.” பிறகு பின்னால், பிறகு ஓரத்தில், பஸ்ஸுக்கு நேரமான பிள்ளைகள் வரை. தாளாளர் கையை உயர்த்தினார். அடங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இந்த முறை ‘சார்’ போட்டு.